முள் சொன்ன சேதி

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் பிற்பகல். முதலியார்பேட்டையில் என் வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. எழுந்து போய்ப் பார்ப்பதற்கு முன்பே அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மீன் ஏற்றுகிற வண்டியை என்னதான் கழுவினாலும் அது தன் வருகையைத் தானே அறிவித்துவிடும்.

என் அக்காள் மகன் இறங்கி வந்தான். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு மூடி, இரவோடு இரவாகப் பெங்களூர் மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவது அவன் தொழில். அந்த வண்டியின் முன்பணத்துக்காக அக்காளின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. மாதா மாதம் தவணை வேறு.

"மாமா, அம்மாகிட்டே நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்று ஆரம்பித்தான்.

இந்த மாதிரி ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்பது தாய்மாமனாகப் பிறந்த எல்லோருக்கும் தெரியும். பணம்தான். பதினெட்டாயிரம் ரூபாய்.

விஷயம் இதுதான்: கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகிற மேட்டில் அவனுடைய வண்டி திணறுகிறது. பின்னால் வருகிற வண்டிகள் ஒவ்வொன்றாக முந்திப் போய்விடுகின்றன. மார்க்கெட்டில் அரைமணி நேரம் பிந்தினால் விலை இறங்கிவிடும். ஐஸ் கரைந்தால் இன்னும் இறங்கும். இதற்கு ஒரு மருந்து இருக்கிறதாம். உள்ளங்கையளவு ஒரு கறுப்புப் பெட்டி. வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போகிற கம்பியின் நடுவே அதைச் சொருகிவிட்டால் போதும், நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு சக்தி கூடிவிடுமாம்.

"சும்மா ஒரு பெட்டியைச் சொருகினால் குதிரை கூடுமா?" என்று கேட்டேன்.

"நீங்க வந்து மேஸ்திரியைக் கேளுங்க மாமா" என்றான்.

கதை எழுதுகிறவனுக்கு யந்திரத்தைப் பற்றி என்ன தெரியும்? நான் கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்ததோடு சரி. இருந்தாலும் அடகுக் கடையில் இருக்கிற சங்கிலி என் கண்முன் ஆடியது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது பட்டறை. மேஸ்திரிக்கு எழுபது வயசுக்கு மேலே இருக்கும். கண்ணாடியின் ஒரு காதைக் கம்பியால் கட்டியிருந்தார். பையன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெட்டி வைக்கிறது அரைமணி வேலை தம்பி. வைக்க மாட்டேன்னு சொல்லலை. ஆனா அதுக்கு முன்னாலே ரெண்டு மீட்டர் வைக்கணும். மீட்டர் இல்லாத வண்டியிலே நான் பெட்டி வைக்கிறதில்லை" என்றார்.

ஒரு மீட்டர், என்ஜினுக்குள் போகிற காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது. மற்றொன்று, வெளியே போகிற புகையின் சூட்டைக் காட்டுவது. இரண்டும் சேர்ந்து ஒன்பதாயிரம் ரூபாய்.

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மீட்டர் வண்டியை இழுக்குமா பெரியவரே?" என்று கேட்டான்.

"இழுக்காது. எவ்வளவு இழுக்கலாம்னு சொல்லும்."

பெட்டிக்கும் மீட்டருக்கும் சேர்த்துச் செலவழிக்கப் பணம் கிடையாது. ஒன்றுதான் வாங்கலாம். எதை வாங்குவது? தீர்ப்பு என் தலையில் வந்து விழுந்தது. மூன்று நாள் தவணை கேட்டுக்கொண்டு, நேரே ரோமன் ரோலந்து நூலகத்துக்குப் போனேன். தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அதன் சரித்திரத்தையாவது தெரிந்துகொள்வோமே என்ற எண்ணம். அந்த மூன்று நாளில் நான் கண்ட சேதிகள், பிக்கப் வண்டி இல்லாதவர்களுக்கும் சுவையாக இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல் 1858-ம் வருஷம் பாரிஸ் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர், தகப்பனார் தோல் சாமான் செய்து விற்றுப் பிழைத்தவர். செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் யுத்தம் மூண்டதும் அந்தக் குடும்பம் பாரிஸை விட்டு வெளியேற நேர்ந்தது. லண்டனுக்குப் போய், அங்கும் பிழைக்க வழியில்லாமல், பன்னிரண்டு வயசுப் பையனை மட்டும் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்திலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பையன் மியூனிக் தொழிற்கல்லூரியில் முதல் மாணவனாகத் தேறினான்.

டீசலுடைய யோசனை என்ன? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். காற்றை நெருக்கினால் அது சூடாகும். இன்னும் இன்னும் நெருக்கினால்? பதினாறில் ஒரு பங்காக நெருக்கினால் அதில் விழுகிற எண்ணெய், தீக்குச்சியும் வேண்டாமல் தீப்பொறியும் வேண்டாமல் தானே பற்றிக்கொள்ளும். இவ்வளவுதான் ரகசியம். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிற யந்திரத்தைச் செய்வது அந்தக் காலத்தில் சுலபமாக இல்லை.

1893-ம் வருஷம் ஆகஸ்டு 10-ந் தேதி ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை நடந்தது. யந்திரத்தின் தலையில் ஓர் அளவுக் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அதற்கு 'இண்டிகேட்டர்' என்று பெயர். நீராவி யந்திரத்தைத் திருத்திய ஜேம்ஸ் வாட்டின் பட்டறையில் பிறந்த கருவி அது; யந்திரத்தின் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டும். அதன் உதவியால்தான் மற்றவர்களைவிட நல்ல யந்திரம் செய்ய முடிகிறது என்பதால், வாட்டின் கம்பெனி அதை நெடுநாள் தொழில் ரகசியமாகவே வைத்துக்கொண்டிருந்ததாம்.

டீசல் எண்ணெயைச் செலுத்தினார். படீர் என்று ஒரு வெடி. அந்த அளவுக் கருவி சுக்குநூறாகிப் பறந்தது. டீசலின் உயிர் தப்பியதே பெரிய காரியம். ஆனால் அவர் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டார். நெருப்பில்லாமல் எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்பது ருசுவாகிவிட்டதல்லவா?

இங்கே நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உலகத்தின் முதல் டீசல் என்ஜினுக்கே ஒரு மீட்டர் இருந்தது! ஓடத் தெரியாத யந்திரத்துக்கு முதலில் அளவுக் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். நெல்லித்தோப்பு மேஸ்திரி அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர் என்று தோன்றியது.

அதன்பிறகு ஆறு மாதம் போராட்டம். 1894-ம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி யந்திரம் முதன்முறையாகத் தன் சக்தியில் ஒரு நிமிஷம் ஓடியது. அதுவரை தொழிற்சாலையின் பெல்ட்தான் அதைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அன்று பெல்ட்டின் ஆட்டம் மாறுவதை ஒரு தொழிலாளி கவனித்தான். இப்போது யந்திரம்தான் பெல்ட்டை இழுக்கிறது என்று புரிந்துகொண்டான். ஒரு வார்த்தை பேசாமல் தொப்பியைக் கழற்றி டீசலுக்கு மரியாதை செய்தான் என்று அவர் வரலாற்றில் வருகிறது. சரியாக மூன்று வருஷம் கழித்து, 1897 பிப்ரவரி 17-ந் தேதி, மியூனிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் அந்த யந்திரத்தைச் சோதித்துக் கணக்குச் சொன்னார்: எண்ணெயில் இருக்கிற சக்தியில் நூற்றுக்கு 26.2 பங்கு வேலையாக மாறுகிறது. அக்காலத்துச் சாதாரண நீராவி யந்திரங்கள் நூற்றுக்குப் பத்துப் பங்குகூடத் தராதவை.

இனி நம் ஊருக்கு வருவோம். டீசலுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஒரு வேர்க்கடலை இருக்கிறது.

1900-ம் வருஷம் பாரிஸில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதில் ஒரு சிறிய டீசல் என்ஜின் வேர்க்கடலை எண்ணெயில் ஓடியது. பிரெஞ்சு சர்க்கார்தான் அப்படி ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தது. யந்திரம் ஒரு குறையுமில்லாமல் ஓடியதால், உள்ளே எரிவது கடலை எண்ணெய் என்பதே பலருக்குத் தெரியவில்லை என்று டீசல் பின்னால் எழுதினார். வெளியிலிருந்து நிலக்கரியோ மண்ணெண்ணெயோ வராமலே, தங்கள் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள் தம் மண்ணில் விளைகிற கடலையைக் கொண்டே யந்திரம் ஓட்டலாமே என்பது பிரெஞ்சுக்காரர்களின் யோசனை.

நம் புதுச்சேரியை அவர்கள் நினைக்காமல் போனது வேடிக்கைதான். ஏனென்றால் அந்தக் காலத்தில் மார்ஸேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கடலை அனுப்பிய துறைமுகங்களில் நம்முடையதும் ஒன்று. தென்னாற்காட்டுச் செம்மண்ணில் விளைந்த மணிலாக்கொட்டை, அந்தப் பக்கத்து ஜனங்கள் மல்லாட்டை என்று அருமையாகச் சொல்கிறார்களே அதுதான், மாட்டு வண்டியிலும், 1879-ல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்த பிறகு ரயிலிலும் இங்கே வந்து குவிந்தது. கப்பல் கரையை நெருங்க முடியாது. மூட்டைகளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்ப்பார்கள். அதற்கு உதவிய பழைய பாலம் 1952-ம் வருஷத்துப் புயலில் இடிந்துபோயிற்று.

கடலை எண்ணெய் கடைசியில் தாளிப்பதற்கே நின்றது. மலிவான மண்ணெண்ணெய் வகைகள் பூமியிலிருந்து பீறிட்டு வந்துவிட்டன. என்ஜினுக்காகச் செய்த எண்ணெய்க்கு என்ஜின்காரரின் பெயரே நின்றது.

நம் பக்கத்து ரஸ்தாக்களுக்கு டீசல் நிதானமாகத்தான் வந்தது. ஆரம்ப காலத்துப் பஸ்ஸும் லாரியும் பெட்ரோலில் ஓடியவை. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் பஸ் ஓட்டினார்கள். பின்பக்கம் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு, மேடு வந்தால் ஜனங்களை இறக்கித் தள்ளச் சொன்ன அந்தக் கரி பஸ்ஸைப் பற்றி என் பாட்டனார் கதை கதையாகச் சொல்வார். சக்தி குறைந்தால் மனிதன் என்ன பாடு படுவான் என்பதை அந்தத் தலைமுறை முதுகால் தெரிந்துகொண்டது.

யுத்தம் முடிந்ததும் ஒரு புதிய வழக்கம் வந்தது. பெட்ரோல் லாரியின் என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் டீசல் என்ஜினை உட்கார வைப்பார்கள். இங்கிலாந்தில் பெர்க்கின்ஸ் கம்பெனி 1937-ல் கொண்டுவந்த பி-6 என்ற ஆறு சிலிண்டர் என்ஜின் இதற்குப் பேர்போனது. சென்னையில் 1840-ல் குதிரை வண்டி கட்டுவதற்காக ஆரம்பித்த சிம்ப்ஸன் கம்பெனி, 1950-களில் பெர்க்கின்ஸ் என்ஜின்களைச் செய்ய ஆரம்பித்தது. 1954-ல் ஜாம்ஷெட்பூரில் டாட்டாவும் மெர்ஸிடிஸ் பென்ஸும் சேர்ந்து டீசல் லாரி செய்யத் தொடங்கின. அதே 1954-ம் வருஷம் நவம்பர் முதல் தேதிதான் புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு மாறியது. கோரிமேட்டில் சுங்கச் சாவடிக்காரருக்காகக் காத்து நின்ற வண்டிகள் நிற்காமல் போக ஆரம்பித்தன.

போன பிரெஞ்சுக்காரர்கள் வேறு வேஷத்தில் திரும்பி வந்த கதையை மேஸ்திரி சொன்னார். 1980-களில் மஹிந்திரா ஜீப்புகளில் பிரான்ஸ் தேசத்து பூஜோ கம்பெனியின் டீசல் என்ஜினை, அனுமதி பெற்று இங்கேயே செய்து வைத்தார்கள். மேஸ்திரி தொழில் கற்றுக்கொண்டது அந்த என்ஜினில்தான். "பூஜோ என்ஜின் நல்ல ஜாதி சார். ஆனா சூடு பொறுக்காது" என்றார், ஏதோ பெண்ணெடுத்த வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

சக்தியைக் கூட்டிக் கேட்கிற ஆசை புதிது இல்லை என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கால டீசல் வண்டியில் எண்ணெயை அளந்து தெளிப்பது ஒரு பம்பு. ஜெர்மனியில் பாஷ் கம்பெனி அதைத் திரளாகச் செய்யத் தொடங்கியது 1927-ல். 1951-ல் பெங்களூரில் மைக்கோ கம்பெனி ஆரம்பமாகி நம் நாட்டுப் பம்புகளும் வந்தன. அந்தப் பம்பில் ஒரு திருகு உண்டு. அதிகபட்சம் எவ்வளவு எண்ணெய் போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். யாரும் தொடக்கூடாது என்று கம்பியைக் கோத்து ஈய முத்திரை போட்டிருப்பார்கள். டிரைவர்கள் மேஸ்திரியின் கையில் ஐந்தோ பத்தோ திணித்து, "அரைச் சுற்று வைங்க" என்பார்கள். முத்திரை அறுபடும். வண்டி சிட்டாகப் பறக்கும். பின்னால் வருகிறவன் முகமெல்லாம் கரி. ஆறு மாதத்தில் பிஸ்டன் உருகிப்போய் வண்டி கயிற்றில் கட்டி இழுபட்டு வந்து சேரும்.

"நானும் வைச்சிருக்கேன் சார், அரைச் சுற்று" என்று ஒப்புக்கொண்டார் மேஸ்திரி. "ஒரு ஆளுக்கு வைச்சுக் கொடுத்தேன். லோடோட செங்கம் பக்கம் நின்னுட்டான். என்ஜின் வாங்கக் காசில்லை, வண்டியையே வித்துட்டான். அதுக்கப்புறம்தான் மீட்டர் பைத்தியம் எனக்குப் பிடிச்சது."

அந்தத் திருகின் பேரப்பிள்ளைதான் இன்றையக் கறுப்புப் பெட்டி. 1990-களின் பிற்பகுதியில் 'காமன் ரெயில்' என்ற முறை வந்தது. ஒரு தடித்த குழாயில் எண்ணெயை, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் அடைத்து வைத்து, கம்ப்யூட்டர் கட்டளையிடும்போது தெளிக்கிற முறை. குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று ஓர் உணர்கருவி கம்ப்யூட்டருக்கு இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கறுப்புப் பெட்டி இந்த இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உணர்கருவி ஆயிரத்து இருநூறு என்று சொன்னால், பெட்டி அதை ஆயிரத்து நூறு என்று மாற்றிச் சொல்கிறது. கம்ப்யூட்டர் பாவம், நம்பிவிடுகிறது. 'ஐயோ, அழுத்தம் குறைந்துவிட்டதே' என்று பதறி இன்னும் கூட்டுகிறது. எண்ணெய் அதிகமாகத் தெளிக்கிறது, சக்தி கூடுகிறது. இதுதான் பெட்டியின் சாமர்த்தியம்.

இதைப் புரிந்துகொண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பொய் சொல்லியை வாங்கி வேலைக்கு அமர்த்துவதா! எஜமானனுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் நடுவில் புகுந்து கோள் சொல்கிறவர்களை நான் கதைகளில் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். யந்திரத்திலும் அந்தப் பாத்திரம் இருப்பது தெரியாமல் போயிற்று.

பெட்டியைச் செய்கிறவர்களை அடியோடு குறை சொல்லவும் மாட்டேன். கம்பெனிக்காரர்கள் ஓரளவு சக்தியைக் கையிருப்பில் விட்டுத்தான் வண்டியை விற்கிறார்கள் என்பது உண்மை. பனியிலும் வெயிலிலும், நல்ல எண்ணெயிலும் கலப்பட எண்ணெயிலும் ஓட வேண்டுமே! அந்தக் கையிருப்பைப் பெட்டி எடுத்துச் செலவு செய்கிறது. ஆனால் இருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று அது சொல்வதில்லை. அதற்குத்தான் மீட்டர். சட்டமும் ஒன்று இருக்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2020 ஏப்ரல் முதல் வந்திருக்கிற புகைக் கட்டுப்பாடும் கடுமையானது.

மீட்டர்களின் சரித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் பிரெஞ்சுக்காரர் கை இருக்கிறது என்பதில் புதுச்சேரிக்காரனுக்கு ஓர் அற்பப் பெருமை.

பாரிஸில் யூஜின் பூர்தோன் என்று ஒரு பட்டறைக்காரர் இருந்தார். அவருடைய பட்டறையில் சுருட்டி வளைத்த குழாய் ஒன்று தவறுதலாக நசுங்கித் தட்டையாகிவிட்டது. அதை உப்ப வைக்க, ஒரு முனையை அடைத்து மறு முனை வழியாக அழுத்தத்தோடு தண்ணீர் செலுத்தினார்கள். குழாய் உப்பியது, அதோடு சுருளும் பிரிந்து நீண்டது. மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் குழந்தைகளுக்கு ஒரு காகித ஊதல் வாங்கிக் கொடுக்கிறோமே, ஊதினால் சுருள் பிரிந்து நீளும், விட்டால் சுருண்டுகொள்ளும், அதே வித்தைதான். பூர்தோன் அந்த முனையில் ஒரு முள்ளைக் கட்டினார். அழுத்தமானி பிறந்தது. அவர் அதைப் பதிவு செய்தது 1849-ல். பாய்லர் வெடித்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு நீராவி இருந்த இடமெல்லாம் அந்த முள் போயிற்று.

சூட்டை அளக்கிற மீட்டர் இன்னும் விசித்திரமானது. இரண்டு வெவ்வேறு உலோகங்களை முனையில் சேர்த்து, அந்த முனையைச் சூடாக்கினால் மெல்லிய மின்சாரம் பிறக்கும். 1821-ல் ஸீபெக் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டார். லெ ஷாத்லியே என்ற பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி 1880-களில் பிளாட்டினக் கம்பியைக் கொண்டு இதை நம்பத் தகுந்த அளவுக் கருவியாக்கினார். சூளைக்குள் கை விட்டுப் பார்க்க முடியாத சூட்டை, வெளியில் நின்றே முள்ளில் படிக்கலாம். டீசல் வண்டியின் புகைக்குழாயில் செருகுகிற முனை அதன் வம்சம்தான், உலோகம் மட்டும் மலிவானது.

சூட்டை ஏன் பார்க்க வேண்டும்? ஒரு பங்கு டீசல் முழுவதும் எரிய ஏறக்குறைய பதினான்கரைப் பங்கு எடை காற்று வேண்டும். இதற்காகவே டர்போ என்ற காற்றாடியை வைக்கிறார்கள். வெளியேறுகிற புகை அதைச் சுழற்றும். அது புதிய காற்றை நெருக்கி உள்ளே தள்ளும். ஆல்ஃப்ரெட் பூஷி என்ற ஸ்விஸ் என்ஜினீயர் 1905-ல் இதற்கு உரிமை பதிந்தார். ஒழுங்காக வேலை செய்யவைக்க இன்னும் இருபது வருஷம் பாடுபட்டார். காற்று போதாமல் எண்ணெயை மட்டும் கூட்டினால் கரும்புகை வரும், சூடு ஏறும். பிஸ்டன் செய்திருப்பது அலுமினியக் கலவையில். சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். தண்ணீரும் எண்ணெயும் அதைக் குளிர வைத்துக்கொண்டிருப்பதால் பிழைத்திருக்கிறது. நீண்ட மேட்டில், முழுப் பாரத்தோடு, காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்தக் குளிர்ச்சி தோற்றுவிடும்.

வில்லியனூர்த் தேரை நினைத்துக்கொண்டேன். பிரெஞ்சு கவர்னர்களே வந்து வடம் பிடித்த தேர் அது. ஆயிரம் பேர் வடம் பிடிப்பார்கள். எல்லோர் கண்ணும் வடத்தின் மேலேயே இருக்கும். ஆனால் சக்கரத்தின் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு குனிந்து நடக்கிறானே ஒருவன், அவன் இல்லாவிட்டால் தேர் நிலைக்கு வருமா?

டீசலின் முடிவையும் அன்றுதான் படித்தேன். உலகமெங்கும் அவருடைய யந்திரம் ஓடியது. ஆனால் வழக்குகளும், நிலத்தில் போட்டு இழந்த பணமும், கடனுமாக அவரைச் சூழ்ந்துகொண்டன. 1913 செப்டம்பர் 29-ந் தேதி இரவு ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போகிற 'டிரெஸ்டன்' கப்பலில் ஏறினார். சாப்பிட்டுவிட்டுத் தம் அறைக்குப் போனவரைக் காலையில் காணவில்லை. சில நாள் கழித்துக் கடலில் ஓர் உடல் தென்பட்டது. அதிலிருந்து எடுத்த சாமான்களை அவர் மகன் அடையாளம் சொன்னார். யந்திரத்தின் அழுத்தத்தைக் கோடு போட்டு அளந்தவர், தம் மேல் ஏறிக்கொண்டிருந்த பாரத்தை வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறார்.

அதைப் படித்தபோது எனக்கு என் அக்காள் மகன் ஞாபகம் வந்தது. எத்தனை தவணை பாக்கி என்று அவனும் தாயிடம் சொல்வதில்லை.

நான்காம் நாள் தீர்ப்புச் சொன்னேன்: மீட்டர் வாங்கு. ஒன்பதாயிரத்தையும் நானே கொடுத்துவிட்டேன். அவனுக்கு அரை மனசுதான். மேஸ்திரி இரண்டு முட்களையும் ஸ்டியரிங் பக்கத்தில் பொருத்தினார். சூடு காட்டுகிற மீட்டரில் எழுநூறு டிகிரிக்கு நேரே, பேத்தியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டார். "முள் இதைத் தாண்டினா காலை எடுத்துடணும் தம்பி. காத்து முள் மேட்டிலே ஒண்ணுக்கு மேலே நிக்கணும்."

அன்று இரவு நானும் கூடவே போனேன். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை. பையன் பாட்டைக்கூடப் போடவில்லை. நான் முட்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரி வரைக்கும் அவை சாதுவாக இருந்தன. ஓசூர் ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர். சூளகிரி மேடு ஆரம்பித்ததும் ஒரு முள் எழுந்தது. அறுநூறு, அறுநூற்று ஐம்பது, சிவப்புக் கோடு, அதையும் தாண்டியது. காற்று முள்ளோ அரையைத் தொட்டுவிட்டு அதற்கு மேல் அசையவில்லை.

"மாமா!" என்றான் பையன். காலைத் தூக்கினான். கியரைக் குறைத்தான். சூடு முள் மெதுவாக இறங்கியது. பின்னால் வந்த வண்டிகள் வழக்கம்போல் முந்திப் போயின. இந்தத் தடவை அவன் அவர்களைத் திட்டவில்லை.

பெட்டி வைக்காத வண்டிக்கே இந்தக் கதி! இதில் பெட்டியையும் வைத்திருந்தால்?

மறுநாள் மேஸ்திரி முட்களின் கதையைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். டர்போவிலிருந்து காற்றுப் போகிற ரப்பர் குழாயைக் கழற்றிக் கையில் பிடித்து வளைத்துக் காட்டினார். அடிப்பக்கத்தில், கிளிப்புக்கு அருகே, ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். வண்டி சும்மா நிற்கும்போது அது மூடிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேட்டில் அழுத்தம் ஏறும்போது வாயைத் திறந்து காற்றையெல்லாம் வெளியே விட்டுவிடும். எத்தனை மாதமாகவோ அப்படி நடந்திருக்கிறது. விலை கொடுத்து வாங்க நினைத்த சக்தி, தன் வண்டியிலிருந்தே வழிநெடுகக் கசிந்துகொண்டிருந்தது. புதுக் குழாய்க்கு ஆன செலவு ஆயிரத்து நானூறு ரூபாய்.

அடுத்த வாரம் மறுபடியும் என்னை அழைத்துக்கொண்டு போனான். சூளகிரி மேட்டில் காற்று முள் ஒன்றைத் தாண்டி நின்றது. சூடு முள் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே. இரண்டு லாரிகளை நாங்கள் முந்தினோம். அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், சின்ன வயசில் முதல் தடவை சைக்கிள் ஓட்டிக் காட்டினானே, அந்தக் களை இருந்தது.

திரும்புகையில் செஞ்சி அருகே வண்டியை நிறுத்தி, ரஸ்தா ஓரத்துக் கிழவியிடம் அவித்த மல்லாட்டை வாங்கினோம். பாரிஸ் பொருட்காட்சிக் கதையை அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். கையிலிருந்த கடலையை வெகு நேரம் உருட்டி உருட்டிப் பார்த்தான்.

"பெட்டி வேண்டாமா இனிமே?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் மாமா" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணு தவணை பாக்கி நிக்குது. அம்மாவுக்குத் தெரியாது. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிடலாம்னு பார்க்கிறேன். நீங்களும் கூட வர்றீங்களா?" என்றான்.

போனேன்.